ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான்

போன வருஷம் ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம் இருக்கும், குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி பெட்ஃபோர்டு வரைக்கும் ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நின்றேன். பிறந்ததிலிருந்து மேட்டிலும் பள்ளத்திலுமாகவே நடந்து வளர்ந்தவள் நான், சின்ன வயதில் தலையில் விறகுக் கட்டோடு ஓடியிருக்கிறேன், நாற்பது ஆவதற்குள் இப்படி மூச்சு வாங்குகிறதே என்று கூச்சமாகக்கூட இருந்தது. நின்ற இடத்திலெல்லாம் யாரிடமோ பேசுகிற மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டேன். மழை, குளிர், வயசு, எடை என்று எனக்கு நானே நான்கு காரணம் சொல்லிக்கொண்டேன். பச்சரிசிக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை.

பச்சரிசி என்னவென்றால், அந்த நாட்களில் என் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி இருக்கும். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் நான்கு அரிசி வாயில் போட்டு மெல்லுவேன். ருசி என்று ஒன்றும் கிடையாது, ஆனால் அந்த நறநற சத்தம் பல்லுக்குக் கேட்க வேண்டும், இல்லையென்றால் கை பரபரக்கும். புது மழை பெய்து மண் வாசனை வந்தால் வாயில் எச்சில் ஊறும். இதை வெளியில் யாரிடம் சொல்ல? என் பக்கத்து நாற்காலி டீச்சர் திருநீறு தின்பார் என்பது எனக்குத் தெரியும், நான் அரிசி மெல்லுவது அவருக்குத் தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.2. உடம்பில் இரும்பு எவ்வளவு கையிருப்பு என்று காட்டும் பெரிட்டின் ஒற்றை இலக்கம். வைட்டமின் பி12 160, அதுவும் குறைச்சல்தான். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று எழுதுகிறார்கள், அதிலும் நம்முடையது மலை. உயரம் ஏற ஏற காற்றில் ஆக்சிஜன் குறைவதால் உடம்பு ஈடுகட்ட ரத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளும், அதனால் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பவர்களுக்கு வந்த எண்ணிலிருந்து 0.8 கழித்துப் பார்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே கணக்கு வைத்திருந்தது. குன்னூர் 1850 மீட்டர் சொச்சம். அதாவது என் 8.2 சென்னையில் இருக்கும் ஒருத்தியின் ஏழரை மாதிரி.

டாக்டரம்மா அரிசி மெல்லுவீங்களா என்று அவரே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரும்புச்சத்து இல்லாதவர்களுக்கு அரிசி, மண், சாம்பல், ஐஸ் என்று எதையாவது கடிக்கத் தோன்றுவது பழைய கதையாம். அப்புறம் வரிசையாகக் கேள்விகள். கறி சாப்பிடுவீங்களா? சாப்பிடுவேன், ஞாயிற்றுக்கிழமை சிக்கன். ஈரல், சுவரொட்டி (புத்தகத் தமிழில் மண்ணீரல்)? கல்யாணத்துக்கு அப்புறம் இல்லை. டீ எத்தனை? ஆறு. சாப்பாட்டுக்கு அப்புறமா? ஆமாம், சாப்பிட்ட கையோடு. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கல்யாணத்துக்கு அப்புறம் இல்லை என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

நான் வளர்ந்தது கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில். எங்கள் அம்மாயி 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. லைனில் ஆட்டுக்கறி என்றால் கூறு கறிதான். தீபாவளி, பொங்கல், அப்புறம் போனஸ் வந்த வாரம், பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி வெட்டிக் கூறு போடுவார்கள். தேக்கு இலைக்கு நாங்கள் எங்கே போக, வாழை இலைக் கிழிசலோ பிளாஸ்டிக் தாளோ விரித்து அதன்மேல் வரிசையாகப் பன்னிரண்டு குவியல். ஒவ்வொரு குவியலிலும் தொடைக் கறி கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், கொழுப்பு ஒரு துண்டு, ஈரல் ஒரு துண்டு, குடல் ஒரு சாண் என்று எல்லாமும் இருந்தாகவேண்டும், ஒரு குவியலில் ஈரல் குறைந்தாலும் சண்டை வந்துவிடும். இதில் கூறு போட முடியாத ஒரே பொருள் சுவரொட்டி. ஒரு ஆட்டுக்கு ஒன்றே ஒன்று, உள்ளங்கை அளவுகூட வராது, அதைப் பன்னிரண்டாக வெட்டினால் ஒன்றும் தேறாது. அதனால் அது யாருக்கு என்று முன்கூட்டியே பேசிவிடுவார்கள். பிள்ளை பெற்ற வீடு ஏதாவது இருந்தால் அங்கே. இல்லையென்றால் புதிதாக வயசுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டுக்கு. இரண்டும் இல்லாத வருஷம் சீட்டுக் குலுக்கியதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

என் முறை ஏழாம் வகுப்பு படிக்கும்போது வந்தது. அம்மாயி அதை எண்ணெயில் வறுக்கவில்லை, விறகடுப்பில் தணல் தனியாக இழுத்துப் போட்டு அதன்மேல் அப்படியே வைத்தார். கருஞ்சிவப்பாக, நாக்கு மாதிரி வழவழவென்று இருந்தது மெல்லச் சுருண்டு, மேல்தோல் சாம்பல் நிறமாகிக் கொப்பளித்தது. பட்டென்று ஒரு சத்தம். எடுத்து முறத்தில் தட்டி, சூடு ஆறுவதற்கு முன்னாலேயே நகத்தால் அந்தத் தோலை உரித்துப் போட்டு, உப்பும் மிளகும் தொட்டு என் வாயில் வைத்தார். உள்ளே நைசாக, கேழ்வரகுக் களி மாதிரி மாவாக இருக்கும், ஒரு ஓரம் இரும்புக் கரண்டியை நக்கினால் வருமே அந்த ருசி. எனக்குப் பிடிக்கவில்லை. முழுங்குடி, ரத்தம் ஊறும் என்றார். அண்ணன் எனக்கு எனக்கு என்று வந்து நின்றான், அவனை விரட்டிவிட்டார். எங்கள் வீட்டில் அவனுக்கு இல்லாமல் எனக்கு மட்டும் கிடைத்த பொருள் என்று கணக்குப் பார்த்தால் அநேகமாக அது ஒன்றுதான்.

பிறகு படித்தேன், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று. புகுந்த வீட்டில் கறி உண்டு, ஆனால் உள்ளுறுப்பு எதுவும் அடுப்படிக்குள் வராது. நாற்றம் என்பது சொல்லப்படும் காரணம். சொல்லாத காரணம் எல்லோருக்கும் தெரியும், குடலும் ஈரலும் வசதி இல்லாதவர்கள் வாங்குவது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், ஆனால் எலும்பில்லாத கறிதான் கறி என்று நினைப்பவர். நானும் அதையே பிடித்துக்கொண்டேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கறிக்கடையில் நின்று கால் கிலோ குடல் என்று வாயைத் திறந்து கேட்க, வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் பக்கத்தில் நிற்கிறார்களே என்று ஒரு வெட்கம். பதினைந்து வருஷம் இப்படியே போயிற்று. வருமானம் கூடியது, ரத்தம் குறைந்தது.

சரி, இந்த உள்ளுறுப்புகளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மருந்து மாத்திரை எழுதிக்கொண்டு வந்த வாரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கணக்கு டீச்சருக்கு எண் வேண்டும். ஆட்டு வகை, வயசு, தீவனத்தைப் பொறுத்து எல்லாம் ஏறி இறங்கும், இருந்தாலும் சுமாராக வைத்துக்கொள்ளுங்கள்: நூறு கிராம் பச்சைக் கோழி நெஞ்சுக்கறியில் இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. ஆட்டின் தசைக் கறியில் ஒன்றரை முதல் இரண்டு. செம்மறியாட்டு ஈரலில் ஏழு. கோழி ஈரலில் ஒன்பது. சுவரொட்டியில் நாற்பது. நாற்பது என்பதை நான் முதலில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். யோசித்தால் நியாயம்தான். ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் போய் உடைகிற இடம் மண்ணீரல், உடைந்ததிலிருந்து எடுத்த இரும்பை அங்கே சேர்த்து வைத்திருக்கும். பழைய இரும்புக் கடை மாதிரி. வளர்ந்த பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம். இதை அம்மாயி எந்த அட்டவணையில் பார்த்தார்?

ஈரலில் இரும்பு மட்டும் இல்லை. பி12 நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம், செம்மறி ஈரல் நூறு கிராமில் இருப்பது தொண்ணூறு. போலிக் ஆசிட் வகைச் சத்தான போலேட் 200 மைக்ரோகிராமுக்கு மேல். கோழி ஈரலில் அது 500ஐத் தாண்டும். தாமிரம், ரிபோபிளேவின், அப்புறம் வைட்டமின் ஏ, அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், அதில்தான் எனக்கு அடி விழுந்தது.

இப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே நம்பமுடியாத ஒன்று கண்ணில் பட்டது. சிம்ஸ் பார்க் எதிரே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறதே, 1907ல் தொடங்கியது, நம் ஊர்க்காரர்களுக்கு அது நாய்க்கடி ஊசி, தடுப்பூசி ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அதற்குள் ஒரு அறையில்தான் 1918ல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது 1928ல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958 வரைக்கும் குன்னூரில் இருந்து, பிறகு ஹைதராபாத்துக்குப் போய், இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். இந்தியச் சாப்பாட்டில் எதில் எவ்வளவு சத்து என்று நாடு முழுக்க இன்றைக்குப் புரட்டுகிற அட்டவணையின் முதல் பதிப்பு 1937ல் அய்க்ராய்டு என்பவர் இங்கே இயக்குநராக இருந்தபோது வந்தது. நான் தினமும் மூச்சு வாங்கிக்கொண்டு கடக்கிற வாசல்!

அதைவிட லூசி வில்ஸ் கதை. லண்டன் டாக்டர். 1928ல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலையில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு ஏன் இப்படிக் கொடுமையான ரத்தசோகை வருகிறது என்று பார்க்கத் தொடங்கியவர். 1929ல் தன் வேலையை இந்தக் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு மாற்றிக்கொண்டார், பிறகு மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். அந்தப் பெண்களுக்கு மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது ரத்தம் ஏறியது, 1931ல் அதை எழுதி வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்தது போலேட் என்று பின்னால்தான் தெரிந்தது. இன்றைக்கு ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் போலிக் ஆசிட் மாத்திரையின் ஒரு வேர் இந்த மலையில் இருக்கிறது.

அவர் வருவதற்குச் சில வருஷம் முன்னால் அமெரிக்காவில் நடந்தது ஈரல் கதை. விப்பிள் என்பவர் நாய்களின் ரத்தத்தை எடுத்துச் சோகை பிடிக்க வைத்து, எதைத் தின்னக் கொடுத்தால் வேகமாக ரத்தம் ஊறுகிறது என்று பார்த்தார், ஈரல்தான் முதலில் வந்தது. அதைப் பார்த்து மினாட், மர்பி என்ற இரண்டு டாக்டர்கள், அந்தக் காலத்தில் வந்தால் சாவுதான் என்றிருந்த ஒருவகைச் சோகைக்கு நோயாளிகளைத் தினமும் ஈரல் தின்னவைத்தார்கள், கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல், லேசாக வெந்தும் வேகாமலும். பிழைத்தார்கள். 1926ல் எழுதினார்கள், 1934ல் மூன்று பேருக்கும் நோபல் பரிசு. இதில் வேடிக்கை என்னவென்றால், நாய்களுக்கு இல்லாமல் போனது இரும்பு, அமெரிக்க நோயாளிகளுக்கு இல்லாமல் போனது பி12, இது 1948ல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. பம்பாய்ப் பெண்களுக்கு இல்லாமல் போனது போலேட். அவர்களுக்கும் சுத்தம் செய்யாத ஈரல் சாறு வேலை செய்தது, சுத்திகரித்த சாறு வேலை செய்யவில்லை, அப்படித்தான் இது வேறு ஏதோ சத்து என்று லூசி வில்ஸ் பிடித்தார். மூன்று விதமான பஞ்சம், மூன்றுக்கும் கைகொடுத்தது ஒரே உறுப்பு. யார் பஞ்சம் எது என்று தெரியாத காலத்தில் ஈரல் கொடு என்பது ஒன்றும் மோசமான வைத்தியம் இல்லை.

இதையெல்லாம் படித்த வேகத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லவேண்டும். ஒரு வீடியோவில் ஒருவர் தினமும் ஈரல் சாப்பிடுங்கள், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று சத்தியம் பண்ணாத குறையாகப் பேசினார். மாத்திரையோ மலச்சிக்கல், கறுப்பாகப் போவது, வாயில் தகரத்தின் ருசி என்று பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. சரி என்று மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டரை வாரம் தினமும் ஒரு தட்டு ஆட்டு ஈரல். வீட்டில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடமாடினார்கள். மூன்றாவது வாரம் தலைவலி, குமட்டல். ஈரலால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் டாக்டரம்மா போட்ட கணக்கு எனக்கு வியர்க்க வைத்தது. செம்மறி ஈரல் நூறு கிராமில் வைட்டமின் ஏ ஏழாயிரம் மைக்ரோகிராம். பெரியவர்கள் தொடர்ந்து சாப்பிடும்போது ஒரு நாளைக்குத் தாண்டக்கூடாத அளவு மூவாயிரம். பி12 மாதிரி மிஞ்சியது மூத்திரத்தில் போய்விடாது, கொழுப்பில் கரையும் சத்து, நம் ஈரலில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். நான் ஒரு வேளைக்குத் தின்றது நூற்றைம்பது கிராம்.

இரும்புக் கணக்கு அதைவிடப் பரிதாபம். நூறு கிராம் ஈரலில் ஏழு மில்லிகிராம் என்றால் அத்தனையும் ரத்தத்துக்குப் போகாது, உடம்பு எடுத்துக்கொள்வது நாலில் ஒரு பங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம், ஒன்றரை, ஒன்றேமுக்கால் வரும். மாதவிலக்கு வருகிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இழப்பை ஈடுகட்டவே அவ்வளவு தேவை. அதாவது நான் ஒரு தட்டு ஈரல் தின்று அன்றைய செலவை அடைத்தேன், பழைய கடன் பெரிதாகக் குறையவில்லை. 8.2ல் இருப்பவளை மேலே ஏற்றுவது மாத்திரையோ ஊசியோதான். ஏறியதை இறங்காமல் பிடித்து வைக்கத்தான் சாப்பாடு. இது எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இரண்டரை வாரம் மிச்சம். மாத்திரையை ராத்திரி படுக்கப்போகும் முன் மாற்றிக்கொண்டேன், தொந்தரவு பாதியானது.

பி12லும் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது. தொண்ணூறு மைக்ரோகிராம் உள்ளே போனாலும் வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்து உள்ளே அனுப்பவேண்டும், அதனால் ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் போலத்தான் ஒழுங்காக எடுக்கமுடியும், மிச்சத்தில் நூற்றுக்கு ஒன்று ஏதோ கசிந்து உள்ளே போகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு குவித்துத் தின்பதைவிட இரண்டு தடவை நான்கு நான்கு துண்டு சாப்பிடுவது எல்லா வழியிலும் லாபம். கூறு கறியில் ஒரு வீட்டுக்கு ஒரு துண்டு ஈரல் விழுந்ததே, நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு வாய், அது சரியான அளவுதான் போலிருக்கிறது.

இப்போது டீ. இதை எழுதத்தான் பதிவையே ஆரம்பித்தேன், கதை எங்கெங்கோ போய்விட்டது. தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு டீயைக் குறை சொல்வது சோறு போட்ட கையைக் கடிக்கிற மாதிரி, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அதில்தான் பிழைத்தது. ஆனால் சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். டீயின் துவர்ப்பு இருக்கிறதே, அதே பொருள்தான் இந்த வேலையைச் செய்வது. லைனில் காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும், மத்தியானம் சோறு கட்டிக்கொண்டு போய்க் காட்டிலேயே சாப்பிட்டுவிட்டு மறுபடி சாயத்தண்ணி. கீரை தின்றோம், டீயை ஊற்றிக் கழுவிவிட்டோம். கறியில், ஈரலில் இருக்கும் ஹீம் இரும்பை, அதாவது ரத்தச் சிவப்போடு சேர்ந்த வகையை, டீயால் அவ்வளவாக ஒன்றும் செய்யமுடியாது, அது வேறு வாசல் வழியாக உள்ளே போகிறது. இன்னொரு லாபமும் உண்டு, கொஞ்சம் கறியோ ஈரலோ கூட இருந்தால் அதே தட்டில் இருக்கும் கீரையின் இரும்பும் கூடுதலாக ஏறும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நான் ஆறு டீயை மூன்றாக்கினேன், மூன்றையும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். முதல் வாரம் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

எல்லோரும் சாப்பிடலாமா என்றால் இல்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் ஈரலைத் தொடவேண்டாம், அந்த வைட்டமின் ஏ அதிகமானால் கருவைப் பாதிக்கும், அத்தை சொன்னாள் பாட்டி சொன்னாள் என்று இதில் போகாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். சுவரொட்டியில் ஈரல் அளவுக்கு வைட்டமின் ஏ கிடையாது, லைனில் பிள்ளை பெற்றவளுக்கு என்று சுவரொட்டியைத் தனியாக எடுத்து வைத்தது தெரிந்தா தெரியாமலா என்று அம்மாயி இருந்தால் கேட்டிருப்பேன். யூரிக் ஆசிட் இருப்பவர்களுக்கு ஈரல், குண்டிக்காய் (சிறுநீரகம்), சுவரொட்டி எதுவுமே ஆகாது, என் மாமனார் கட்டைவிரல் வீங்கி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபிறகு அவர் தட்டுப் பக்கமே கொண்டுபோவதில்லை. மூளையில் கொலஸ்டிரால் நூறு கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும், இருதயக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மூளை தின்றால் மூளை வளரும் என்றால் எங்கள் தெருவில் இந்நேரம் நான்கு பேராவது கலெக்டர் ஆகியிருக்கவேண்டும். கால் சூப்பில் கால்சியம் கொட்டிக்கிடக்கிறது என்பதும் அப்படித்தான், குளிருக்கு நல்லது, குடியுங்கள், ஆனால் எலும்புச் சத்து வேண்டுமென்றால் ராகியும் பாலும்தான். சர்க்கரைக்கு மெட்பார்மின் பல வருஷம் சாப்பிடுபவர்கள் பி12 ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது குறையும்.

ஈரலில் விஷம் தங்கும் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு சண்டையே நடந்தது. ஈரல் விஷத்தை மாற்றி வெளியே அனுப்புகிற இடம், வடிகட்டித் துணி மாதிரி பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஆனால் காட்மியம் மாதிரி உலோகங்கள் வயசான ஆட்டின் ஈரலிலும் அதைவிடக் குண்டிக்காயிலும் சேரும் என்பது உண்மை, இளம் ஆடு பார்த்து வாங்குவது அதற்காகவும்தான்.

சமையல் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஈரல் பளபளவென்று, அழுத்தினால் விரல் தடம் நிற்காமல் இருக்கவேண்டும். பச்சையாகப் பித்தப்பை ஒட்டியிருந்த இடம் தெரிந்தால் அதை அகலமாகவே வெட்டி எறியுங்கள், ஒரு துளி போதும், மொத்தச் சட்டியும் கசக்கும். மஞ்சள் போட்டு ஒரு அலசு. நல்லெண்ணெயில் சோம்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு, அப்புறம் ஈரலைப் போட்டு ஏழெட்டு நிமிஷம், வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு இல்லாமல் இருக்கவேண்டும், அதற்குமேல் ஒரு நிமிஷம் போனாலும் செருப்புத் தோல். உப்பும் மிளகும் கடைசியில்தான், முதலில் உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுக் கெட்டியாகும். கோழி ஈரலை மட்டும் அரைவேக்காட்டில் எடுக்கவே கூடாது, கிருமி உள்ளே வரைக்கும் இருக்கும். குடலுக்கு நம் ஊரில் சட்டி உதவாது, தண்ணீரே 94 டிகிரியில் கொதித்துவிடுகிறது, மணிக்கணக்காக நின்றாலும் ரப்பர்தான். குக்கரில் கீழ்நாட்டுக்காரர்கள் சொல்லும் விசிலோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரொட்டியைக் கேஸ் அடுப்பில் சுட்டுப் பார்த்தேன், வெடித்துத் தெறித்து ஒரே களேபரம். இப்போது வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டெடுத்துத் தோலை உரித்து, துண்டு போட்டுத் தவாவில் மிளகோடு பிரட்டுகிறேன். தணல் ருசி வரவில்லை.

நான்கு மாதம் கழித்துப் பார்த்ததில் 11.6. மாத்திரை முக்கால், ஈரலும் டீயும் கால் என்று நானாகப் பங்கு போட்டுக்கொள்கிறேன். அரிசி மெல்லும் ஆசை ஒரு மாதத்திலேயே போய்விட்டது, ஜிப்பைத் திறந்து பார்த்தபோது மிச்சம் இருந்த அரிசியில் வண்டு. வீட்டுக்காரர் இன்னும் ஈரல் பக்கம் வரவில்லை, மகள் மட்டும் முட்டைப்பொரியல் என்று ஏமாற்றி ஊட்டிய முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்தும் இரண்டாவது தடவை கேட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கே மார்க்கெட். பனியில் கடை பல்பு மட்டும் மஞ்சளாகத் தெரியும். பாயிடம் சனிக்கிழமையே போன் பண்ணிச் சொல்லிவிடுவேன், அவரும் ஒரு தாளில் சுற்றித் தராசுக்குப் பின்னால் வைத்திருப்பார். போன வாரம் போனபோது தராசுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

“என்ன பாய், இன்னைக்கு ரெண்டு ஆடு தொங்குது?”

“ரெண்டுலயும் போயிருச்சு டீச்சரம்மா. ஒண்ணு ஆஸ்பத்திரிக்கு எதிர்வீட்டுல பிள்ள பெத்துருக்காங்க, அவங்களுக்கு. இன்னொண்ணு உங்க ஸ்கூல் டீச்சராம், வெள்ளிக்கிழமையே வந்து காசு குடுத்துட்டுப் போயிட்டாங்க.”

யாரென்று கேட்கவில்லை. திங்கட்கிழமை முதல் பீரியட் முடிந்து வந்து உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலி டீச்சரின் மேஜையில் திருநீற்று டப்பாவைக் காணோம்.